முதலில் என் போட்டோ, பிறகு உங்களுடையது

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் எங்கள் பட்டுப்புடவைக் கடைக்கு நான் வந்து சேர்ந்தபோது அங்கே கவுண்ட்டர் என்று ஒன்று கிடையாது. முதலாளியின் மடிதான் கல்லாப்பெட்டி. தேக்கு மேசை போட்டு, அதன்மேல் கண்ணாடி பதித்து, பில் ஒரு பக்கம், பொட்டலம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தவன் நான். கார்டு மிஷினுக்குத் தனி டெலிபோன் லைன் வேண்டும் என்று டெலிபோன் ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கி வந்தவன் நான். பூஜா சீசனில் வாசலில் நிற்கும் கூட்டத்துக்குத் தகர டோக்கன் கொடுத்து வரிசையில் உட்கார வைத்தவனும் நான்தான். பெஹாலாவில் இரண்டு அறை ஃபிளாட், நல்லபடியாகக் கட்டிக் கொடுத்த இரண்டு பெண்கள், வங்காளிகளோடு வங்காளியிலேயே சண்டை போட்டு ஜெயிக்கும் திறமை, இவ்வளவும் அருப்புக்கோட்டையில் ஆறாம் வகுப்பு அரைப்பரீட்சையோடு நின்றுபோன ஒருவன் சம்பாதித்தது. பி.காம். படித்து வந்த மூன்று பேர் அதே கவுண்ட்டரில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவரும் ஒரு பூஜாவைத் தாண்டவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு பலகை.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் காளிகாட்டுக்குப் போனவன் அப்படியே கடைக்கும் ஒரு நடை போனேன். கவுண்ட்டருக்குப் பின்னால் தொங்கும் பலகை தரையில் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. 'கார்டில் வாங்குவோர் தயவுசெய்து புகைப்பட அடையாளம் காட்டவும். இப்படிக்கு, நிர்வாகம்.' தமிழ், வங்காளம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதிய பலகை. பெரிய முதலாளி காலமாகி, அவர் மகன் சின்ன முதலாளிதான் இப்போது கடையைப் பார்க்கிறார்.

"மாணிக்கண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார். "பேங்க்ல இருந்து ஆள் வந்தாங்க. கார்டுக்குப் பின்னால இருக்கிற கையெழுத்து ஒத்துப் போனாப் போதுமாம். ஐடி காட்டுன்னு கட்டாயப்படுத்தக் கூடாதாம். கஸ்டமருங்களும் மூஞ்சியத் தூக்கிக்கிறாங்க. எடுத்துரலாமா, மாட்டிரலாமா?"

"ஒரு வார்த்தையில சொல்ற விஷயமா தம்பி இது?"

"அப்ப நம்ம தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க. படிச்சுட்டு முடிவு பண்றேன்."

என்னை நாற்காலியில் உட்கார விடாமல் அனுப்புவதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

தொழில் கற்ற வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு வருஷம் புடவை மடித்தேன். இரண்டு வருஷம் புடவை விரித்தேன். அதன் பிறகு முதலாளி ஒருநாள் என் கையைப் பார்த்து, "இது கணக்குப் போடுத கைடே" என்று சொல்லிக் கவுண்ட்டரில் உட்கார வைத்தார். அவர் திருநெல்வேலிக்காரர். கல்கத்தாவில் முப்பது வருஷம் இருந்தும் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை. எதற்கும் வேகமாக எழுந்து வரமாட்டார். கடையில் தீப்பிடித்தாலும் முதலில் காப்பி சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் கேட்பார் என்று எங்கள் சேல்ஸ்மேன் ஷ்யாமல் சொல்வான்.

தொண்ணூறுகளின் நடுவில் கார்டு வந்தது. முதலில் வந்தது தேய்க்கிற மிஷின். கார்டைத் தட்டில் வைத்து, கார்பன் வைத்த சீட்டை மேலே போட்டு, கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தால் கார்டில் புடைத்திருக்கும் எழுத்தெல்லாம் சீட்டில் பதியும். பெரிய பில் என்றால் பேங்குக்குப் போன் போட்டு அனுமதி எண் வாங்க வேண்டும். மழை பெய்தால் கல்கத்தாவில் போன் வேலை செய்யாது. களவுபோன, பேங்க் நிறுத்திவைத்த கார்டுகளின் நம்பரெல்லாம் அச்சடித்து பேங்கிலிருந்து ஒரு புத்தகம் வரும். எழுத்து எறும்பு முட்டை அளவு. பி.காம். படித்தவர்கள் அதைப் பார்த்ததுமே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார்கள். நான் வரிவரியாக விரல் வைத்துப் பார்ப்பேன்.

பிறகு கார்டின் முதுகில் இருக்கும் கறுப்புக் கோட்டை உரசும் மிஷின் வந்தது. கார்டை உரசினால் அதுவே போன் போட்டுக் கேட்டு, சீட்டைத் துப்பும். அந்தச் சீட்டில் கஸ்டமர் கையெழுத்துப் போட வேண்டும். கார்டின் முதுகில் இருக்கும் கையெழுத்தோடு அது பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் நான் வருகிறேன்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும். கூட்டிப் படிக்க நேரம் ஆகும். அதனால் கையெழுத்தைப் படிக்கவே மாட்டேன். பார்ப்பேன். படித்தவன் கண் கையெழுத்தில் பெயரைத் தேடும். பெயர் சரியாக இருந்தால் திருப்தியாகிவிடும். என் கண்ணுக்கு அது கோலம். பேனா எங்கே இறங்குகிறது, எங்கே சுழிக்கிறது, எந்த இடத்தில் தூக்கி மறுபடி வைக்கிறது என்றுதான் பார்க்கும். சொந்தக் கையெழுத்தைப் போடுகிறவர் பேசிக்கொண்டே போடுவார், பாதியில் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். அடுத்தவன் கையெழுத்தைப் போடுகிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு போடுவான்.

அப்படி ஒருவனைப் பிடித்தேன். டை கட்டி, செண்ட் பூசி, இங்கிலீஷிலேயே பேசினான். நாலு பனாரஸ் எடுத்தான். கையெழுத்துப் போடும்போது நாக்கு நுனி வெளியே வந்தது. சொந்தப் பெயரை எழுத எந்த மனிதனுக்கு நாக்கு வேண்டும்? கார்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் சார், பேங்க்ல கேட்கிறேன்" என்று போனை எடுத்தேன். நான் நம்பர் சுற்றி முடிப்பதற்குள் ஆள் ட்ராம் ஏறிவிட்டான். கார்டு திருட்டுக் கார்டு. பேங்கிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, 'தங்கள் நிர்வாகத்தின் விழிப்புணர்ச்சிக்கு' என்று. நிர்வாகம் அன்று மாடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். துடைக்கிற வேலை மட்டும் எனக்கு வந்தது.

இந்தக் கர்வம் தலைக்கேறியிருந்த காலத்தில்தான் குழந்தைவேலு சார் வந்தார்.

அவர் கோயம்புத்தூர்ப் பக்கம். கல்லையும் மண்ணையும் ஆராயும் மத்திய அரசு ஆபீசில் வேலை, சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் வீடு. மாதத்தில் இருபது நாள் காட்டில் கூடாரம் போட்டுக் கிடப்பவர். மகளுக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டாரும் கல்கத்தாவிலேயே இருக்கும் கோயம்புத்தூர்க்காரர்கள்தான். சம்பந்தியம்மாவுக்கு நிச்சயத்தன்று கொடுக்கும் புடவையை அவர்களே பிடித்து எடுத்துக்கொள்ளட்டும் என்று கூட்டி வந்திருந்தார். மனைவி சமையல்காரரைப் பார்க்கப் போயிருக்கிறார், பின்னாலேயே வந்துவிடுவார் என்று ஷ்யாமலிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்தது.

சம்பந்தியம்மா லேசுப்பட்டவர் இல்லை. ஷ்யாமல் முப்பது புடவை விரித்தான். கடைசியில் முதலில் விரித்த அரக்குக் கலரையே எடுத்தார். குழந்தைவேலு சார் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். புத்தம் புதுசு. உரசினேன், மிஷின் சீட்டைத் துப்பியது, கையெழுத்துப் போட்டார். பேசிக்கொண்டேதான் போட்டார், நாக்கும் உள்ளேதான் இருந்தது.

கார்டைத் திருப்பினேன். திருப்பியவன் அப்படியே நின்றேன்.

கார்டின் முதுகில் இருந்தது உருண்டு திரண்ட, அழகான கையெழுத்து. முதல் எழுத்துக்கு ஒரு சுழி, கடைசியில் அடிக்கோடு இழுத்துக் கீழே இரண்டு புள்ளி. சீட்டில் இருந்ததோ கோழி கிளறியது போல இருந்தது. சுழியைக் காணோம், புள்ளியையும் காணோம்.

"சார், இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். அதே கோழி.

"கார்டுல இருக்கிற மாதிரி போடுங்க சார்."

"கார்டுல என்னங்க இருக்குது? இது என்ற கார்டுதானுங்க" என்றார். மூன்றாம் தடவையும் போட்டார். கோழிக்கும் காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிட்டது.

சம்பந்தியம்மா புடவைப் பொட்டலத்தின்மேல் வைத்திருந்த கையை எடுத்தார். "ஏனுங் சம்பந்தி, உங்க கையெழுத்து உங்களுக்கே மறந்து போச்சுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அடுத்த கேள்வியைச் சிரிக்காமல் கேட்டார்: "கார்டு ஆருதுங்க?"

அந்த மனிதரின் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. காட்டில் யானையைப் பார்த்துப் பழகியவர். எங்கள் கவுண்ட்டர் முன்னால், சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டிருக்க, வியர்த்துப்போய் நின்றார். நான் கார்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதுதான் விதி. கையெழுத்து ஒத்துவராத கார்டைக் கையை விட்டு விடக்கூடாது.

ஷ்யாமல் மாடிக்கு ஓடினான். முதலாளி தன் வேகத்தில் இறங்கி வந்தார். கார்டைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்க்கவில்லை. குழந்தைவேலு சாரைத் தோளில் கை வைத்து உள்ளே கூப்பிட்டார்.

"வாங்க சார், முதல்ல காப்பி. இவன் இப்படித்தான். என் கையெழுத்தையே ரெண்டு மட்டம் போடச் சொல்லுவான். அம்மா, நீங்களும் வாங்க. காப்பிக்குச் சீனி எப்படி?"

உட்கார வைத்து, ஊர் கேட்டு, நொய்யலில் தண்ணீர் வருகிறதா என்று விசாரித்து, நடுவில் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "ஆபீஸ் பாஸ் வச்சிருக்கீங்களா சார்? சர்க்கார் பாஸ்ல எடுக்கிற போட்டோவுல எல்லாரும் களவாணி மாதிரில்லா இருப்பாவ? நீங்க எப்படி இருக்கீங்கன்னு பாப்போம். இந்தா என்னோடது" என்று தன் சட்டைப்பையிலிருந்து வாக்காளர் அட்டையை முதலில் எடுத்துப் போட்டார். அதில் அவர் நிஜமாகவே களவாணி மாதிரிதான் இருந்தார். சம்பந்தியம்மாவே சிரித்துவிட்டார்.

குழந்தைவேலு சார் பாஸை எடுத்தார். போட்டோவில் அவர்தான். கீழே பெயர், கார்டில் இருந்த அதே பெயர். அதற்கும் கீழே கையெழுத்து. பார்த்தேன். சுத்தமான கோழி.

அதாவது ஆள் நிஜம். கார்டும் அவர் பெயரில் நிஜம். கார்டின் முதுகில் இருக்கும் கையெழுத்துதான் அவருடையது இல்லை. அப்படியென்றால் அது யாருடையது?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சுழியையும் இரண்டு புள்ளியையும் நான் எங்கோ பார்த்திருக்கிறேன். ஒரு கோலத்தை ஒருமுறை பார்த்தால் எனக்கு மறக்காது என்று பெருமை பேசிக்கொண்டிருப்பவன் நான். மேசைக்குள் தேதிவாரியாக உறையில் போட்டு வைத்திருக்கும் சீட்டுகளைப் புரட்டினேன். மூன்று வாரத்துக்கு முந்தைய உறையில் கிடைத்தது. அதே கார்டு, அதே சுழி, அதே இரண்டு புள்ளி. ஒரு மாம்பழக் கலர் காஞ்சிபுரம். அன்று கவுண்ட்டரில் இருந்தது நான்தான். 'கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படிப் பொருந்துது' என்று நினைத்துக் கார்டைத் திருப்பிக் கொடுத்ததும் ஞாபகம் வந்தது.

போட்டவர் யார் என்பதும் ஞாபகம் வந்தது. பின்னலில் பூ வைத்த ஓர் அம்மா. பக்கத்தில் கல்யாண வயதில் ஒரு பெண்.

கார்டில் ஆம்பளைப் பெயர். நீட்டியது பொம்பளை. பெயரைப் படிக்கவும் இல்லை, ஆளைப் பார்க்கவும் இல்லை. கோலத்தை மட்டும் பார்த்து அனுப்பியிருக்கிறேன்.

அந்த உறையைத் திருப்பி மேசைக்குள் போட்டுப் பூட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பாஸ்தான் இருக்கிறதே, புடவையைக் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் சம்பந்தியம்மாவின் கேள்வி அப்படியே நிற்கும். 'கார்டு ஆருதுங்க?' நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கிறது. அந்தக் கேள்வி மாப்பிள்ளை வீட்டுக்கும் சால்ட் லேக்குக்கும் எத்தனை நடை போய்வரும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவன் நான். சீட்டை எடுத்துக்கொண்டு போய் எல்லார் முன்னாலும் வைத்தேன்.

"முதலாளி, தப்பு என்மேல. இந்தக் கையெழுத்தப் போட்டது சார் வீட்டம்மா. நான்தான் ஆளப் பாக்காம விட்டேன்."

அந்த அம்மா சமையல்காரரைப் பேசி முடித்துவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றியது சரியாக அந்த நேரத்தில்தான். பெயர் சரஸ்வதி. உள்ளே இருந்த கூட்டத்தையும் கார்டையும் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"அட, அது நாந்தானுங்க போட்டேன்" என்றார், ஏதோ சாம்பாருக்கு உப்புப் போட்டதைச் சொல்வது போல. "கார்டு கூரியர்ல வந்தப்ப இவரு ஒரிசாக் காட்டுல இருந்தாருங்க. கூட வந்த காகிதத்துல, கைக்கு வந்த உடனே கையெழுத்துப் போடுங்கன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. இவரு வர இருபது நாளு. அதுவரைக்கும் போடாம வெச்சிருந்தாத் தப்பில்லீங்களா?"

"அதுக்கு என்ற பேரை நீ போடுவியா?" என்றார் குழந்தைவேலு சார்.

"புள்ளையோட ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டுல பன்னண்டு வருசமா ஆரு போட்டாங்களாமா? கேஸ் புக்குல? கூரியர் நோட்டுல? உங்க கையெழுத்த உங்களவிட நாந்தான் நல்லாப் போடுவேன். அதுல அந்த ரெண்டு புள்ளி நானா வெச்சது. பாக்க லட்சணமா இருக்குதில்லீங்க?" கடைசிக் கேள்வி என்னைப் பார்த்து. லட்சணமாகத்தான் இருந்தது. தலையை ஆட்டிவைத்தேன்.

நாங்கள் எல்லாரும் சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்தோம். அவர் காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"உங்க புள்ளையும் இதெல்லாம் கத்துக்கிட்டாளுங்களா?" என்றார். "எங்க பையனும் டூர் போறவன்தான். அவங்கையெழுத்தும் கண்ணுல பாக்கச் சகிக்காது." சொல்லிவிட்டுப் புடவைப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

குழந்தைவேலு சார் அப்போதுதான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். பாஸைப் பார்த்த பிறகு அந்தக் கார்டுக்கே புடவையைக் கொடுத்தனுப்பினோம். பேங்கில் சொல்லிக் கார்டை மாற்றி, புதுக் கார்டில் நீங்களே கையெழுத்துப் போடுங்கள் என்று முதலாளி சொன்னார். அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏ மாணிக்கம், கையெழுத்தை அந்தப் பார்வை பாத்தியே, போட்டது ஆம்பளையா பொம்பளையான்னு பாக்கலியாடே?"

ஷ்யாமல் அதை வங்காளியில் மொழிபெயர்த்து லேக் மார்க்கெட் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஒரு மாதம் மீன்காரிகூட என்னைப் பார்த்தால், அண்ணன் என்பதற்கு ஒரு 'தா' சேர்த்து, "மாணிக்தா, நான் ஆம்பளையா பொம்பளையா, பார்த்துச் சொல்" என்று கேட்டாள்.

அந்த ஒரு மாதத்தில் நான் யோசித்தேன். திருடனைப் பிடித்த நான், யோக்கியமான மனிதரைத் திருடனாக்கப் பார்த்தேன். அவருடைய மானத்தைக் காப்பாற்றியது என் கண் இல்லை. அந்தப் பாஸ்தான். போட்டோ கேட்பது திருடனுக்காக என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். திருடன் கேட்டதும் ஓடிவிடுவான், அவனுக்கு நஷ்டமில்லை. கோழி கிளறினாற்போலக் கையெழுத்துப் போடும் யோக்கியனுக்குத்தான் அது வேண்டும்.

அதன்பிறகு நான் முதலாளியிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, நாம் சந்தேகப்படுகிறவரிடம் மட்டும் கேட்டால் அது அவமானம்; எல்லாரிடமும் கேட்டால் அது வழக்கம். ஆகவே எல்லாரிடமும் கேட்க வேண்டும், முதலாளியின் மச்சினர் வந்தாலும் சரி. அதற்கு எழுதி மாட்டியதுதான் அந்தப் பலகை. இரண்டு, அன்று முதலாளி செய்த மாதிரி நம்முடைய போட்டோவை முதலில் காட்ட வேண்டும். கடைப் பெயர் போட்டு எனக்கொரு பாஸ் அடித்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கார்டை இரண்டு கையால் வாங்குவேன். பாஸைக் கழற்றி மேசைமேல் வைப்பேன். "இது நான். நீங்க?" என்பேன். சிரிக்காமல் பையைத் திறந்தவர்கள் குறைவு. ஷ்யாமல் தினமும் காலையில் அதை வாங்கிப் பார்த்து, "மாணிக்தா, இது நீ இல்லை, இந்த ஆளுக்கு முடி இருக்கிறது" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பான்.

மூஞ்சியைத் தூக்கிக்கொண்டவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். பாலிகஞ்ச் பக்கத்து அம்மாள் ஒருவர், "உங்கள் கடை திறந்த நாளிலிருந்து வருகிறேன், என்னை யார் என்று கேட்கிறாயா?" என்று புடவையை வீசிவிட்டுப் போனார். அடுத்த வாரம் பாஸ்போர்ட்டோடு வந்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். அதே புடவையைத்தான் எடுத்தார். போட்டோ கொண்டுவராதவர்களையும் நான் விரட்டியதில்லை. அந்தக் காலத்தில் பெண்கள் பலர் கைப்பையில் அப்படி ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. கையெழுத்துப் பொருந்தினால், பெயருக்கும் ஆளுக்கும் ஒத்துப்போனால், புடவை அவர்களுடையது. பேங்க் ஆள் சொல்வது சரிதான், கட்டாயப்படுத்தக் கூடாது. நான் எப்போது கட்டாயப்படுத்தினேன்? கேட்டேன். கேட்பதற்கும் கட்டாயப்படுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் பலகையில் எழுத முடியாது. அது கேட்கிற ஆளின் முகத்தில் இருக்க வேண்டும். இப்போது அந்தக் கவுண்ட்டரில் இருக்கும் பெண்ணை நானும் பார்த்தேன். மிஷினையே பார்த்துக்கொண்டு, "ஐடி" என்று ஒரு சொல் சொல்கிறாள். அப்படிக் கேட்டால் நானேகூட மூஞ்சியைத் தூக்கிக்கொள்வேன்.

ஆகவே சின்ன முதலாளிக்கு என் பதில்: பலகை இருக்கட்டும், அந்தப் பெண்ணுக்கும் ஒரு பாஸ் அடித்துக் கொடுங்கள். ஆனால் மாட்டுவதற்கு முன்னால் ஒரு திருத்தம் உண்டு. பலகையின் அடியில் 'இப்படிக்கு, நிர்வாகம்' என்று இருக்கிறது. போட்டோவை முதலில் எடுத்துப் போட்டது பெரிய முதலாளி, அதை நான் மறுக்கவில்லை. அதை எல்லாருக்குமான வழக்கமாக ஆக்கியது யார்? கழுத்தில் மாட்டிக்கொண்டு மீன்காரியிடம் பேச்சு வாங்கியது யார்? பாராட்டுக் கடிதத்தில் விட்டுக்கொடுத்தேன், இதில் விடமாட்டேன். 'நிர்வாகம்' என்பதை அழித்துவிட்டு 'மு. மாணிக்கம்' என்று எழுத வேண்டும், மூன்று மொழியிலும். சரஸ்வதி அம்மாவுக்கும் இதில் பங்கு உண்டு என்று யாராவது கிளம்பினால், அந்த அம்மாள் தனியாக வந்து கேட்டுக்கொள்ளட்டும்.

பெயருக்குக் கீழே கையெழுத்தும் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள், நானே நேரில் வந்து போடுகிறேன். என் வீட்டில் யாரும் எனக்காகப் போடமாட்டார்கள். வரும்போது போட்டோவும் கொண்டுவருகிறேன். முதலில் உங்களுடையதைக் காட்டுங்கள்.